ராத்திரி சாப்பிடவே இல்லை, காலையில் சர்க்கரை எங்கிருந்து வந்தது?

கேள்வி: எனக்கு வயது 46. பரிசோதனைக் கூடத்தில் வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரை 108 என்று வந்ததிலிருந்து இனிப்பை முழுக்க விட்டுவிட்டேன், மற்ற கார்போஹைட்ரேட்டையும் பாதிக்கு மேல் குறைத்துவிட்டேன். மாத்திரை எதுவும் இல்லை. வீட்டில் குளுக்கோமீட்டர் வாங்கிப் பார்க்கிறேன்: படுக்கும்போது 98, எழுந்ததும் 109. ஒருநாள் இரவுச் சாப்பாட்டையே தவிர்த்துப் பார்த்தேன், மறுநாள் காலை 113! சாப்பிடாத சர்க்கரை எங்கிருந்து வருகிறது? கார்போஹைட்ரேட் எல்லாம் கொழுப்பாகத்தான் மாறும், ஒரு கிராம்கூட உடம்புக்குத் தேவையில்லை, அடியோடு நிறுத்து என்கிறான் என் தம்பி. முதல் பத்து நாளில் இரண்டரை கிலோ குறைந்ததும் உண்மை. நார்ச்சத்தும் குளுக்கோஸ்தான் என்று எங்கோ படித்ததிலிருந்து அதைச் சாப்பிடவும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: உங்கள் கல்லீரல்தான் அதைச் செய்து ரத்தத்தில் விட்டது. அது அதன் வேலை. ராத்திரி அந்த வேலை நின்றுபோயிருந்தால் காலையில் எழுந்து விரலைக் குத்திப் பார்க்கும் நிலையில் நீங்கள் இருந்திருக்க மாட்டீர்கள். அதனால் "சாப்பிடாமலே சர்க்கரை வருகிறதே" என்று பயப்பட ஒன்றும் இல்லை. வரவேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வருகிறதா, வந்தால் ஏன் என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

அதற்கு முன்னால் உங்கள் மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தரம் (ஐஎஸ்ஓ 15197, 2013ஆம் ஆண்டுப் பதிப்பு) அனுமதிக்கும் பிழை 100க்கு மேல் 15 சதவீதம், 100க்குக் கீழே 15 மில்லிகிராம். அதாவது உண்மையில் 105 இருக்கும்போது அது 92 என்று காட்டினாலும் 118 என்று காட்டினாலும் மீட்டர் கெட்டுப்போகவில்லை, தரத்துக்குள்தான் இருக்கிறது. நீங்கள் எழுதிய 98, 109, 113 மூன்றும் அந்த மீட்டரின் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒரே எண்தான். இரவுச் சாப்பாட்டை விட்டதால் சர்க்கரை ஏறிவிட்டது என்று அந்த நான்கு புள்ளி வித்தியாசத்திலிருந்து முடிவு கட்ட முடியாது. பட்டினி கிடந்தும் இறங்கவில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் விஷயம் இருக்கிறது.

நீங்கள் கேட்ட இதே கேள்வியை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் க்ளோத் பெர்னார் என்ற உடலியல் ஆராய்ச்சியாளர் கேட்டார். சர்க்கரையைத் தாவரங்களால்தான் உண்டாக்க முடியும், விலங்குகள் அதைத் தின்று எரிக்க மட்டுமே செய்யும் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. பெர்னார் நாய்க்கு வெறும் இறைச்சியை மட்டும் கொடுத்துப் பார்த்தார், கல்லீரலிலிருந்து வெளியே போகும் ரத்தத்தில் அப்போதும் சர்க்கரை இருந்தது. அப்புறம் 1855இல் ஒரு கல்லீரலை வெளியே எடுத்து, அதன் ரத்தக் குழாய்க்குள் தண்ணீரைச் செலுத்தி, துளிச் சர்க்கரைகூட மிச்சமில்லாமல் கழுவிவிட்டு அப்படியே வைத்துவிட்டார். மறுநாள் பார்த்தால் அதில் மறுபடியும் நிறையச் சர்க்கரை! கல்லீரலுக்குள் ஏதோ ஒன்று சேமிப்பாக இருந்து சர்க்கரையாக மாறுகிறது என்று அதிலிருந்து புரிந்துகொண்டு, 1857இல் அந்தப் பொருளைப் பிரித்தும் எடுத்தார். அதுதான் கிளைகோஜன்.

இது ஏன் தேவை என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். ஐந்து லிட்டர் ரத்தம், ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் குளுக்கோஸ் என்று வைத்தால் மொத்தம் 5 கிராம், ஒரு தேக்கரண்டி. மூளை மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் எரிக்கிறது, அதாவது மணிக்கு 5 கிராம். ரத்தத்தில் இருப்பதை நம்பி நாம் தூங்கப் போனால் மூளைக்கே அது ஒரு மணி நேரத்துக்குத்தான் வரும். சிவப்பணுக்கள் வேறு இருக்கின்றன. அவற்றில் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் எரிபொருளை எரிக்கும் அடுப்பு) கிடையாது என்பதால் கொழுப்பையோ வேறு எதையோ எரிக்கத் தெரியாது, குளுக்கோஸ் ஒன்றுதான் கதி. ஆகவே தூங்குகிற நேரம் முழுக்க, 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மணிக்கு ஏறக்குறைய 7 கிராம் வீதம் கல்லீரல் ரத்தத்தில் குளுக்கோஸைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. எட்டு மணி நேரத்தில் 55 கிராமுக்குக் குறையாது. நீங்கள் சாப்பிடாமல் விட்ட இனிப்பைவிட இது அதிகமாகக்கூட இருக்கலாம்!

சரி, இந்த குளுக்கோஸ் எப்படிப்பட்ட பொருள் என்று பார்த்துவிடலாம், உங்கள் நார்ச்சத்துப் பயத்துக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. ஆறு கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், ஆறு ஆக்சிஜன். அதன் வடிவத்தை, எந்தக் கார்பனில் எந்தப் பக்கம் ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) ஒட்டியிருக்கிறது என்பது வரைக்கும், 1891இல் எமில் ஃபிஷர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் வெறும் வேதிவினைகளை வைத்தே கண்டுபிடித்துச் சொன்னார். அணுவைப் படம் பிடிக்கும் கருவி எதுவும் இல்லாத காலம் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாகத்தான் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அதை நீளமான சங்கிலியாக வரைவார்கள். உடம்புக்குள் அது அப்படி இருப்பதில்லை, ஐந்து கார்பனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்து ஆறு முனை வளையமாக மூடிக்கொள்கிறது. திறந்த சங்கிலியாக இருப்பது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. வளையம் மூடும்போது முதல் கார்பனின் ஹைட்ராக்சில் கீழ்ப்பக்கம் அமைந்தால் ஆல்ஃபா, மேல்பக்கம் அமைந்தால் பீட்டா. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் சாப்பிட முடிந்ததும் முடியாததும் இந்த ஒரு ஹைட்ராக்சிலின் திசையில்தான் பிரிகிறது.

ஸ்டார்ச்சில் குளுக்கோஸ்கள் ஆல்ஃபா பிணைப்பில் கோக்கப்பட்டிருக்கின்றன, அதனால் சங்கிலி சுருள் சுருளாக வளைகிறது, தண்ணீர் உள்ளே புக இடம் இருக்கிறது, நம் உமிழ்நீரிலும் கணைய நீரிலும் இருக்கும் அமைலேஸ் என்ற என்சைம் உட்கார்ந்து வெட்ட வசதியாக இருக்கிறது. செல்லுலோஸில் அதே குளுக்கோஸ், பீட்டா பிணைப்பு. ஒன்று விட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பி நிற்பதால் சங்கிலி விறைப்பாக நீள்கிறது, பக்கத்துச் சங்கிலிகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகி நாராகிறது. அமைலேஸ் இதைத் தொடவே தொடாது. பீட்டா பிணைப்பு என்றாலே மனிதக் குடலுக்கு வெட்டத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள், பாலில் இருக்கும் லாக்டோஸும் பீட்டா பிணைப்புதான், அதற்கென்று லாக்டேஸ் தனியாக இருக்கிறது (பெரியவர்களில் பலருக்கு அது குறைந்துபோய்ப் பால் ஒத்துக்கொள்ளாமல் போவது வேறு கதை). செல்லுலோஸுக்கு அப்படி ஓர் என்சைமை நம் மரபணுக்கள் தரவில்லை.

ஆகவே நீங்கள் படித்தது உண்மைதான், செல்லுலோஸ் முழுக்க முழுக்க குளுக்கோஸ். ஆனால் அது உங்கள் ரத்தத்துக்குள் குளுக்கோஸாக வராது. வராது என்பது மட்டும் இல்லை, பிசுபிசுப்பாகக் கரையும் வகை நார்ச்சத்துகள் கூட வரும் ஸ்டார்ச் உறிஞ்சப்படும் வேகத்தையும் தணிக்கின்றன. பெருங்குடலுக்குப் போனதும் அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் சில வகை நார்களைப் புளிக்க வைத்து அசிடேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குட்டிக் கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முக்கிய உணவு. நுணுக்கமாகப் பார்த்தால் அந்த புரோப்பியோனேட்டிலிருந்து கல்லீரல் கொஞ்சம் குளுக்கோஸ் செய்யும் என்பது சரிதான், ஆனால் அதற்காகக் கவலைப்படுவது அநாவசியம். நார்ச்சத்தை நிறுத்தாதீர்கள். இன்றைக்கே திரும்ப ஆரம்பியுங்கள்.

மற்ற கார்போஹைட்ரேட்டின் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாயில் தொடங்கும் வெட்டு வயிற்று அமிலத்தில் நின்றுபோகிறது, சிறுகுடலில் கணைய அமைலேஸ் மறுபடி தொடர்கிறது, கடைசித் துண்டுகளைக் குடல் சுவரில் இருக்கும் மால்டேஸ், சுக்ரேஸ் போன்ற என்சைம்கள் ஒற்றைச் சர்க்கரைகளாக உடைக்கின்றன. குளுக்கோஸும் கேலக்டோஸும் சோடியத்தோடு கைகோத்துக் குடல் செல்லுக்குள் நுழைகின்றன, ஃப்ரக்டோஸ் தனி வழி. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் வேலை செய்வது இந்த சோடியம் குளுக்கோஸ் கூட்டணியால்தான். எல்லாம் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகிறது, உடம்பின் வேறு எந்தப் பாகமும் பார்ப்பதற்கு முன்னால்.

கல்லீரல் செல்லானாலும் தசைச் செல்லானாலும், உள்ளே வந்த குளுக்கோஸுக்கு முதலில் நடப்பது ஒன்றே: ஆறாவது கார்பனில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறார்கள். பாஸ்பேட் ஒட்டிய குளுக்கோஸால் செல் சவ்வைத் தாண்ட முடியாது, உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு மூன்று நான்கு பாதைகள் இருக்கின்றன. உடனே எரிக்கலாம்: பத்து படிகளில் இரண்டாக உடைத்து பைருவேட்டாக்கி, ஆக்சிஜன் இருந்தால் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பி முழுக்க எரித்தால் ஒரு குளுக்கோஸுக்கு 30 முதல் 32 ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயம்) கிடைக்கும், ஆக்சிஜன் எட்டாத அவசரத்தில் லாக்டேட்டோடு நிறுத்திக்கொண்டால் வெறும் இரண்டு. பென்டோஸ் பாதைக்குத் திருப்பினால் டிஎன்ஏவுக்கு வேண்டிய ஐந்து கார்பன் சர்க்கரை வரும். புரதங்களின் மேல் ஒட்டும் சர்க்கரைக் கிளைகளாகவும் ஆகலாம். உங்கள் ரத்தம் ஏ வகையா பி வகையா என்பதேகூட சிவப்பணுவின் மேல் கடைசியாக ஒட்டியிருக்கும் ஒரே ஒரு சர்க்கரையைப் பொறுத்ததுதான், கார்போஹைட்ரேட் என்றால் எரிபொருள் மட்டும்தான் என்று நினைக்கிற உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். மிச்சம் இருப்பதைக் கிளைகோஜனாகச் சேமிக்கலாம்.

ஏன் குளுக்கோஸை அப்படியே சேர்த்து வைக்கக் கூடாது? சேர்த்தால் செல் வெடித்துவிடும். ஒரு வேளை நன்றாகச் சாப்பிட்ட கல்லீரல் செல்லில் இருக்கும் கிளைகோஜனை எல்லாம் தனித்தனிக் குளுக்கோஸாகக் கரைத்தால் அதன் செறிவு 0.4 மோலார் வரும், அந்தச் செறிவுக்கு வெளியிலிருந்து தண்ணீர் பாய்ந்து வந்து செல்லை ஊதிவிடும். ஆயிரக்கணக்கான குளுக்கோஸை ஒரே மூலக்கூறாகக் கட்டிவிட்டால் சவ்வூடு அழுத்தத்தைப் பொறுத்தவரை அது ஒரே ஒரு துகள்தான். அதோடு கிளைகோஜன் ஸ்டார்ச்சைவிட அடர்த்தியாகக் கிளைவிடுகிறது, எட்டிலிருந்து பன்னிரண்டு குளுக்கோஸுக்கு ஒரு கிளை. ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரே நேரத்தில் என்சைம் உட்கார்ந்து குளுக்கோஸைக் கழற்றலாம் என்பதால் அவசரத்துக்கு மளமளவென்று கிடைக்கிறது. கல்லீரலில் இப்படிச் சுமார் 100 கிராம், தசைகளில் எல்லாம் சேர்த்துச் சுமார் 400 கிராம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: தசையில் இருக்கும் அந்த 400 கிராமால் உங்கள் ரத்தச் சர்க்கரைக்கு நேரடியாக ஒரு பயனும் கிடையாது. குளுக்கோஸ் வெளியேற வேண்டுமானால் ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்ற வேண்டும், கழற்றும் என்சைம் (குளுக்கோஸ்-6-பாஸ்படேஸ்) முக்கியமாகக் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் இருக்கிறது, தசையில் இல்லை. தசை சேர்ப்பது தன் வீட்டுத் தொட்டியில், கல்லீரல் சேர்ப்பது ஊர்ப் பொதுக் கிணற்றில். பிறவியிலேயே இந்த என்சைம் இல்லாத குழந்தைகள் உண்டு, ஃபான் கியர்கே நோய் என்று பெயர். கல்லீரல் முழுக்கக் கிளைகோஜன் நிரம்பி வயிறு புடைத்திருக்கும், ஆனால் மூன்று நான்கு மணி நேரம் பால் கொடுக்காமல் விட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். ராத்திரி முழுக்கக் குழாய் வழியாக குளுக்கோஸோ, மெதுவாகச் செரிக்கும் வேகவைக்காத சோள ஸ்டார்ச்சோ கொடுத்துத்தான் காப்பாற்றுகிறார்கள். காலையில் மீட்டரில் ஓர் எண் வருவதைப் பார்த்து நீங்கள் எரிச்சல்படும்போது, அந்த எண் வராத வீடுகளில் பெற்றோர் அலாரம் வைத்து எழுந்திருக்கிறார்கள்.

இனி உங்கள் ராத்திரிக்கு வருவோம். சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரத்தில் இன்சுலின் இறங்கி, கல்லீரலைச் சர்க்கரை வெளியிடச் சொல்லும் குளுக்ககான் என்ற ஹார்மோனின் கை ஓங்குகிறது. கல்லீரல் கிளைகோஜனைக் கழற்ற ஆரம்பிக்கிறது. ஆனால் அந்த 100 கிராம் மட்டும் இருந்தால் ஒரு நாளில் தீர்ந்துவிடுமே, அதனால் கூடவே இன்னொரு வேலையும் ஆரம்பமாகிறது: சர்க்கரை அல்லாததிலிருந்து புதிதாகச் சர்க்கரை செய்வது. சிவப்பணுக்களும் தசையும் கழித்துவிடும் லாக்டேட், கொழுப்பு உடையும்போது வரும் கிளிசரால், தசைப் புரதத்திலிருந்து வரும் அலனைன் ஆகியவைதான் மூலப்பொருள். லாக்டேட் கல்லீரலுக்கு வந்து குளுக்கோஸாகித் திரும்பத் தசைக்குப் போகும் சுற்றைக் கண்டுபிடித்தவர்கள் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதி, கிளைகோஜன் ஆராய்ச்சிக்காக 1947இல் நோபல் பரிசு வாங்கியவர்கள். இந்தப் புதுச் சர்க்கரை சும்மா வராது, ஒரு குளுக்கோஸுக்கு ஆறு ஏடிபி செலவு, அந்தச் செலவுக்குக் கல்லீரல் கொழுப்பை எரித்துக்கொள்கிறது. வழக்கமாக இரவு சாப்பிட்டுப் படுத்தவர்களுக்கு விடியும்போது வெளியே வரும் குளுக்கோஸில் ஏறக்குறையப் பாதி கிளைகோஜனிலிருந்து, பாதி புதிதாகச் செய்தது. நீங்கள் இரவுச் சாப்பாட்டை விட்டபோது மாறியது இந்த விகிதம்தான், கிளைகோஜன் பங்கு குறைந்து புதுத் தயாரிப்பின் பங்கு ஏறியிருக்கும். ரத்தத்துக்கு வந்த மொத்தம் பெரிதாக மாறியிருக்காது. பட்டினி போட்டு அந்த எண்ணை இறக்கிவிடலாம் என்ற திட்டம் அதனால்தான் பலிக்கவில்லை. அதோடு விடியற்காலையில் கார்ட்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் கல்லீரலை இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுகின்றன.

அப்படியானால் 108 ஏன்? எல்லோருக்கும் கல்லீரல் இதைச் செய்கிறது, ஆனால் இன்சுலின் கொஞ்சமாக ஊறிக்கொண்டே இருந்து "போதும், நிறுத்து" என்று பிடித்து வைக்கிறது. கல்லீரலில் கொழுப்பு படிந்து இன்சுலினுக்குக் கட்டுப்படுவது குறைந்தால் கல்லீரல் தேவைக்குச் சற்று அதிகமாக விடும், கணையமும் போட்டிக்கு அதிக இன்சுலின் சுரந்து பார்க்கும், இரண்டும் சமரசமாகி நிற்கும் இடம் 85க்குப் பதில் 108 ஆக இருக்கும். சர்க்கரை நோய்க்கு முதலில் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையின் முக்கியமான வேலையே கல்லீரல் வெளியிடும் குளுக்கோஸைக் குறைப்பதுதான் என்பதிலிருந்து இந்தப் பக்கத்தின் கனம் உங்களுக்குப் புரியும். ஆகவே வெறும் வயிற்று அளவு என்பது நேற்று ராத்திரி நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்பதைவிட, உங்கள் கல்லீரல் இன்சுலின் பேச்சை எவ்வளவு கேட்கிறது என்பதைத்தான் அதிகம் சொல்கிறது. என்னைக் கேட்டால், தினமும் காலையில் அந்த ஒற்றை எண்ணைத் துரத்துவதை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கார்போஹைட்ரேட்டை நன்றாகக் குறைத்தவர்களின் தசை கொழுப்பை எரிக்கப் பழகிக்கொள்கிறது, கொழுப்பை எரிக்கும் தசை குளுக்கோஸை எடுத்துக்கொள்வது குறையும் (ஃபிலிப் ராண்டில் என்ற ஆராய்ச்சியாளர் 1963இலேயே விளக்கிய விஷயம்). அதனால் சிலருக்கு மற்ற எல்லாம் மேம்பட்டாலும் காலைச் சர்க்கரை மட்டும் இறங்காமல் அடம் பிடிக்கும்.

தம்பிக்கு வருவோம். "கார்போஹைட்ரேட் எல்லாம் கொழுப்பாகும்" என்பதில் பாதை என்னவோ இருக்கிறது, பைருவேட்டிலிருந்து அசிட்டைல் கோஏ, அதிலிருந்து கொழுப்பு அமிலம். ஆனால் சாதாரணமாகக் கலந்து சாப்பிடும் மனிதரில் அப்படிப் புதிதாக உண்டாகும் கொழுப்பு ஒரு நாளைக்குச் சில கிராம்தான். அதிகமாகச் சாப்பிட்ட கார்போஹைட்ரேட் செய்வது வேறு வேலை: உடம்பு முதலில் அதை எரிக்கும், அதனால் கூடவே சாப்பிட்ட கொழுப்பு எரியாமல் சேமிப்புக்குப் போய்விடும். இடுப்பில் ஏறுவது பெரும்பாலும் நீங்கள் தின்ற கொழுப்பேதான், அதை எரிய விடாமல் பார்த்துக்கொண்டது கூட வந்த சர்க்கரை. இன்சுலின் எதிர்ப்பும் கொழுப்புக் கல்லீரலும் உள்ளவர்களுக்குப் புதுக் கொழுப்பு செய்வது கூடுகிறது என்பது உண்மை, அதிலும் ஃப்ரக்டோஸ் மோசம், ஏனென்றால் குளுக்கோஸ் உடைப்பில் "ஏடிபி போதும்" என்று நிறுத்தும் முக்கியமான கட்டுப்பாட்டுப் படியை அது தாண்டி உள்ளே வருகிறது. இனிப்புப் பானங்களை நிறுத்தியிருந்தால் அது மிக நல்ல காரியம், திரும்பப் போகாதீர்கள்.

இதன் எதிர்த்திசை மட்டும் கிடையாது. பைருவேட் அசிட்டைல் கோஏ ஆகும் படி ஒருவழிப் பாதை, அதனால் கொழுப்பு அமிலத்திலிருந்து உருப்படியாக குளுக்கோஸ் செய்ய நம்மால் முடியாது, கிளிசரால் பகுதி மட்டும் விதிவிலக்கு. கொழுப்பு தீயைத் தரும், சரக்கைத் தராது. கார்போஹைட்ரேட்டை அடியோடு நிறுத்தினால் சிவப்பணுவுக்கும் மூளைக்கும் வேண்டிய குளுக்கோஸுக்குப் புரதத்தில்தான் பெரும்பகுதி கை வைக்க வேண்டியிருக்கும். நீண்ட பட்டினியில் மூளை தன் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு வரை கீட்டோன்களால் (கல்லீரல் கொழுப்பிலிருந்து செய்யும் மாற்று எரிபொருள்) சமாளிக்கும், முழுக்கச் சமாளிக்காது.

அப்போது தம்பி சொன்னது தவறா? பாதி சரி. அத்தியாவசிய அமினோ அமிலம் உண்டு, அத்தியாவசிய கொழுப்பு அமிலம் உண்டு, அத்தியாவசிய கார்போஹைட்ரேட் என்று ஒன்று இல்லை, உடம்பே செய்துகொள்ளும். மூளையின் தேவையை வைத்து ஒரு நாளைக்கு 130 கிராம் என்று பரிந்துரைப்பது உண்டு, அதற்குக் குறைத்தால் உயிர் போய்விடும் என்று பொருள் இல்லை. ஆனால் "தேவையில்லை" என்பதிலிருந்து "நிறுத்தினால் நல்லது" என்று தாவுவது எனக்கு உடன்பாடில்லை. உங்கள் 108க்கு அது தேவையும் இல்லை. இனிப்பை விட்டு, மாவை மிதமாகக் குறைத்து, நாரோடு இருக்கும் முழு உணவாகச் சாப்பிட்டால் போதும். பிற்காலத்தில் இன்சுலினோ, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் வகை மாத்திரையோ எடுக்க நேர்ந்தால், மருத்துவரைக் கேட்காமல் கார்போஹைட்ரேட்டை வெட்டுவது ஆபத்து: முதலாவதில் சர்க்கரை தாழ்ந்துபோகும், இரண்டாவதில் கீட்டோஅசிடோசிஸ் (கீட்டோன்கள் அளவுமீறிச் சேர்ந்து ரத்தம் அமிலமாவது) வரலாம்.

இரண்டரை கிலோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு கிராம் கிளைகோஜன் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். 300 கிராம் கிளைகோஜன் காலியானால் தண்ணீரோடு சேர்த்து ஒன்றேகால் கிலோ போய்விடும். இன்சுலின் இறங்கியதால் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் கூடுதலாக வெளியேற்றுவதும் சேரும். முதல் வாரங்களின் இறக்கத்தில் பெரும்பங்கு தண்ணீர், கொழுப்பு அதற்கப்புறம் மெதுவாகத்தான் போகும். ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்து மறுநாள் ஒரு கிலோ ஏறியிருந்தாலும் அதுவும் இதே தண்ணீர்தான், மனம் விட்டுவிடாதீர்கள்.

உண்மையில் பலன் தருவது எது என்றால், கல்லீரல் கொழுப்பு இறங்குவதும் தசை வேலை செய்வதும். சுருங்கி விரியும் தசை குளுக்கோஸ் வாயில்களை (குளுட்-4) இன்சுலின் உத்தரவு இல்லாமலே செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுவரும், இன்சுலினை மதிக்காத உடம்பிலும் இந்த வழி திறந்தே இருக்கிறது. சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது இதனால்தான் வேலை செய்கிறது. அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடந்து 2002இல் வெளியான டயாபிடீஸ் ப்ரிவென்ஷன் ப்ரோகிராம் என்ற ஆய்வில் உங்களைப் போல எல்லையில் நின்றவர்களுக்கு வைத்த இலக்கு எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது, அவ்வளவுதான். அவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது; மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களுக்கு 31 சதவீதம்.

இனிப் பரிசோதனை. மீட்டரைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிட்டுக் கூடத்தில் எச்பிஏ1சி (ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். குளுக்கோஸின் அந்தத் திறந்த சங்கிலி வடிவம், ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றேனே, அதுதான் ஹீமோகுளோபினோடு போய் ஒட்டுகிறது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால் இரண்டு மூன்று மாதச் சராசரியை அது காட்டிக்கொடுக்கும். இரும்புச்சத்துக் குறைபாட்டு ரத்தசோகை இருந்தால் இந்த அளவு பொய்யாக ஏறலாம், அதனால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவர் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனை எழுதினால், அதற்கு முந்தைய மூன்று நாள் தினமும் 150 கிராமுக்குக் குறையாமல் கார்போஹைட்ரேட் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், இப்போது இருக்கும் பழக்கத்தோடு நேராகப் போனால் இல்லாத நோய் இருப்பதாகக் காட்டலாம். எச்பிஏ1சி 5.7க்குக் கீழே இருந்தால் அடுத்த வருடம் ஒருமுறை பார்த்தால் போதும். 5.7 முதல் 6.4 வரை என்றால் மேலே சொன்ன நடையும் எடையும்தான் வைத்தியம், ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள். 6.5 அல்லது அதற்கு மேல் வந்தால் என்னைப் போன்றவர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவரைப் போய்ப் பாருங்கள், இன்னொரு முறை சோதித்து உறுதி செய்வார்.